வாய்க்கால் பாலத்தில் திரும்பிய தேர்

"அக்கா, உங்க ஊர்ல தேர் பாலம் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடுது. ஏதோ பக், கோளாறுன்னு நினைக்கிறேன். முன்ன நல்லாதான் வந்துச்சு."

இந்தச் செய்தி போனில் வந்தபோது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து டிசைன் சென்டரில் சாப்பாட்டு நேரம். பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து யாளியும் மயிலும் வரைந்து கொடுப்பது சுகாசினியின் வேலை. பாதி வரைந்த முந்தியைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, டிபன் பாக்ஸை ஒரு கையால் மூடிக்கொண்டு, செய்தியை மறுபடியும் படித்தாள்.

அனுப்பியவள் அபி. சேலத்தில் கல்லூரியில் படிக்கிற பெண். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. அவள் சொன்ன ஊரும் தேரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருப்பவை. சுகாசினி கட்டிய ஊர், சுகாசினி செய்த தேர்.

எல்ட்மார் என்ற அந்த விளையாட்டு பழசு. சுகாசினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்தது. பனி மலை, கோட்டை, மந்திரவாதிகள், நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் நாகம் என்று பெரிய உலகம். எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடந்து போகலாம். இன்றைக்கு அதை வந்தபடியே போட்டுப் பார்த்தால் மனிதர் முகமெல்லாம் களிமண்ணில் பிடித்ததுபோல இருக்கும். ஆனாலும் விடாமல் ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் மாட். ரசிகர்களே செய்து இலவசமாகப் போடும் சேர்க்கைகளுக்கு அந்தப் பெயர். ஒருவர் மரங்களை மாற்றுவார், ஒருவர் மழையைத் திருத்துவார், இன்னொருவர் புதிதாக ஒரு தீவையே கொண்டுவந்து வைப்பார். சிக்கல் என்னவென்றால் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மரம் வைத்தவரின் மரம் வீடு கட்டியவரின் அடுப்பங்கரைக்குள் முளைத்து நிற்கும். எதை முதலில் போட வேண்டும், எதைக் கடைசியில் போட வேண்டும், எந்த இரண்டுக்கு நடுவில் ஒட்டுப் போட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் நூற்றுக்கணக்கான மாட்களைப் பொறுக்கி, அடுக்கி, ஒரே கட்டாகக் கொடுத்தால் மற்றவர்கள் ஒரு பட்டனை அமுக்கி மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். பழைய விளையாட்டு புதிதாகிவிடும். அப்படிப்பட்ட கட்டைக் கலெக்‌ஷன் என்பார்கள்.

'பாலாறு' என்ற கலெக்‌ஷனை அடுக்கியவன் அருள்.

அருளும் சுகாசினியும் ஒரே ஊர்தான். வாலாஜாபாத்திலிருந்து தென்னேரி போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிற பூவரசந்தாங்கல். அருளின் வீடு ஊருக்குள், தேரடித் தெருவில். அப்பாவுக்கு நெல் விவசாயம். சுகாசினியின் வீடு வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், காலனியில். அவளுடைய அப்பா ராஜவேலு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் பார்க்கிறார். ஒரே பஸ்ஸில் பல வருடம் போய் வந்தும் அருளும் அவளும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது காஞ்சிபுரத்தில் பாலிடெக்னிக் லேபில்தான். அருள் வாத்தியாருக்குத் தெரியாமல் எல்ட்மாரை ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சுகாசினி, "அந்தக் குகைக்குள்ள போவாத. மொதல்ல சேவ் பண்ணு" என்றாள். அருள் சேவ் பண்ணினான். அடுத்த நிமிடமே குகைக்குள் செத்தான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அன்றைக்குப் பிடித்த பேச்சு படிப்பு முடிந்தும் நிற்கவில்லை. அருள் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தான். இடம் அவனுடைய தாய்மாமா பரசுராமனுடையது. வேலை முடிந்து காஞ்சிபுரத்திலிருந்து வருகிற சுகாசினி அங்கே இறங்கி, கடையின் உள்ளறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் அருளோடு உட்கார்ந்து அந்த வாரத்துக்கு வந்த மாட்களை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊர் பஸ் ஏறுவாள். ராஜவேலு மில் விட்டு அந்தப் பக்கம் வந்தால் அருள் எழுந்து, "வாங்க அங்கிள், உக்காருங்க" என்று நாற்காலி தள்ளுவான். ஊருக்குள் எதிரில் பார்த்தால் லேசாகத் தலையசைப்பான், அவ்வளவுதான். சுகாசினி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கடையில் இப்படி, ஊரில் அப்படி என்று பழகிப்போயிருந்தது.

ஊர் கட்டச் சொன்னதே அவன்தான்.

"பாலாறுல இருக்கறது எல்லாம் வெள்ளக்காரன் பண்ணதா இருக்குது சுகா. பேரு மட்டும் பாலாறு, உள்ள பூரா பனி. நீ டிசைன் போடற ஆளுதான? நம்மளுதுன்னு ஒண்ணு கட்டேன்."

அவள் கட்டினாள். எல்ட்மார் வரைபடத்தின் தெற்கு ஓரத்தில் ஒன்றுமில்லாத சதுப்பு நிலம் ஒன்று கிடந்தது. ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து, ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஏரி, கரை, மதகு, கோபுரம், ஓட்டு வீடுகள், தாழ்வாரத்தில் கட்டிய ஆடு. கோட்டையும் குதிரையுமாகச் சுற்றிக் களைத்த வீரன் தெற்கே வந்தால் திடீரென்று வயல் வரப்பில் நிற்பான். டீக்கடைக்காரனுக்கு அருள் குரல் கொடுத்தான். வாய்க்கால் பாலம் தாண்டி அவளுடைய தெருவையும் கட்டினாள். அதே தெருவில் ஜெபகுமார் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் சின்ன சர்ச் கட்டடத்தையும் விடவில்லை. தெருமுனையில் ஒரு ஆளை நிறுத்தி அவருக்கு அப்பாவின் குரலை வைத்தாள். ராஜவேலு மூன்று நாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு சட்டை மாற்றிக்கொண்டு வந்து மைக் முன்னால் நின்றார். "தேரு வருது, தேரு வருது, புள்ளைங்கள புடிங்க. வாம்மா, நீயும் வந்து வடம் புடி."

தேர்தான் அந்த ஊரின் அழகு. விளையாட்டுக் கணக்கில் மாதம் ஒருமுறை திருவிழா வரும். தேர் நான்கு தெரு சுற்றி, பாலம் தாண்டி, காலனித் தெருவுக்கும் வந்து நிலைக்குப் போகும். ஆடுகிறவர்களும் வடம் பிடிக்கலாம். உண்மையான பூவரசந்தாங்கலில் தேர் பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடும். காலனி ஜனங்கள் பாலத்தில் நின்று கும்பிட்டுக்கொள்வார்கள். சுகாசினி வீம்புக்கு எதையும் செய்யவில்லை. பாதைக்குப் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். பாலம் இருந்தது, அதற்கு அப்பால் தெரு இருந்தது. புள்ளியை நீட்டிவிட்டாள். முதல் தடவை தேர் பாலம் ஏறியதை அருள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "செம சுகா" என்றான். இரண்டு தடவை சொன்னான்.

தாங்கல் என்ற அந்த ஊர் சேர்ந்த பிறகுதான் பாலாறு ஓட ஆரம்பித்தது. பிரேசில்காரன் ஒருவன் வடம் பிடித்துக்கொண்டு ஊளையிடும் வீடியோவைப் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள். காலனிப் பையன்கள் தேர் தங்கள் தெருவுக்கு வருகிற இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விட்டார்கள்.

இப்போது அந்தத் தேர்தான் திரும்பிப் போகிறது என்கிறாள் அபி.

அன்று சாயங்காலம் கடையில் சுகாசினி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கேம்ல கூட கரெக்டா அங்கயே திரும்புது பாரேன்பா. நான் கட்டனாலும் ஊரு புத்தி போவல."

அருளும் சிரித்தான். "பாலத்துல பாதை எப்பவுமே ஒதைக்கும் சுகா. எல்ட்மாருக்கு பாலம்னாலே ஆவாது. வா, பாத்துடலாம்."

பார்த்தார்கள். திருவிழா நாளுக்கு விளையாட்டின் கடிகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, காலனித் தெருமுனையில் போய் நின்றார்கள். அவள் செய்த ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். பெண்கள் கையில் கற்பூரத் தட்டு. குழந்தைகள் முன்னால் ஓடி நின்றன. தூரத்தில் தேரின் உச்சி தெரிந்தது. அப்பாவின் குரல், "தேரு வருது, தேரு வருது, புள்ளைங்கள புடிங்க" என்றது. தேர் பாலத்தின் வாய் வரை வந்து, மெல்ல வளைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. ஜனங்களுக்கு அது தெரியாது. பொழுது சாயும்வரை நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்த கட்டளை. தட்டோடு நின்றார்கள். "வாம்மா, நீயும் வந்து வடம் புடி" என்று காலித் தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

சுகாசினி ஒலியைக் குறைத்தாள்.

அந்த வாரம் முழுக்க இருவரும் தேடினார்கள். முதலில் குதிரை மாட் ஒன்றின்மேல் அருளுக்குச் சந்தேகம். அதை எடுத்துப் பார்த்தார்கள், தேர் திரும்பியது. பிறகு சாலைகளைக் கல் பாவுகிற மாட். பிறகு வெள்ளம் வருகிற மாட். ஒவ்வொன்றையும் எடுத்து, முதலிலிருந்து ஓட்டி, திருவிழா வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். அருள் சலிக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பஜ்ஜி வாங்கி வந்து வைப்பான். "இதுவா இருக்கும், இரு" என்று தானே புதிது புதிதாகக் காரணம் சொல்வான். சுகாசினி தன் வேலையில்தான் தப்பு என்று நினைத்துப் பாதைப் புள்ளிகளை மூன்று தடவை அழித்து அழித்து வைத்தாள். அவன் மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ ஒண்ணும் தப்பு பண்ணல, டென்ஷன் ஆவாத" என்று ஆறுதல் சொன்னான். ஒரு நாள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அருள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

"வுடு சுகா. அந்தத் தெரு வரைக்கும் போவலன்னா இப்போ இன்னா? மத்ததெல்லாம் நல்லாதான் ஓடுது. யாரு கவனிக்கப்போறாங்க?"

"நான் கவனிக்கறேனே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அருளுக்கு ஊரில் திருவிழாக் கூட்டம். சுகாசினி வீட்டில் தம்பி சத்யராஜின் லேப்டாப்பை வாங்கி, அதில் பாலாறைப் புதிதாக இறக்கினாள். அருள் இல்லாமல் தனியாகத் தேடுவது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. மாட்களை அவன் எல்லாம் பார்த்துவிட்டான் என்பதால் ஒட்டுகளைப் பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டு மாட்களுக்கு நடுவே சண்டை வராமல் இருக்க அருள் எழுதிச் சேர்த்த சின்னச் சின்னத் திருத்தங்கள் அவை. அவற்றை அவன் ஒரு தடவைகூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் தன் கை வேலையைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றியிருக்காது என்று அவனுக்காக ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள்.

'தாங்கல் பாலம் லைட்டிங்' என்று ஒரு ஒட்டு இருந்தது. அதை அணைத்துவிட்டு ஓட்டினாள். தேர் பாலம் ஏறியது. கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. தெருவுக்குள் வந்தது. தட்டு வைத்திருந்த பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கண்டுபிடித்தாயிற்று என்று அருளுக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டாள். எண்ணை அமுக்குவதற்கு முன்னால், வெளிச்சத்துக்கு எழுதிய ஒட்டு தேரை எப்படித் திருப்பும் என்று ஒரு கேள்வி வந்தது. ஒட்டைத் திறந்து பார்த்தாள். வெளிச்சத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவள் வைத்திருந்த பாதைப் புள்ளிகள் மட்டும் இருந்தன. பாலத்துக்கு அப்பால் இருந்தவை எல்லாம் நீக்கப்பட்டு, கடைசிப் புள்ளி பாலத்துக்கு இந்தப் பக்கம் அழகாக வளைத்து வைக்கப்பட்டிருந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. தேரின் சக்கரம் வாய்க்கால் கரையில் இடிக்காமல் இருக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டு, நிதானமாக, பொறுமையாகச் செய்த வேலை அது. ஃபைலின் தேதியைப் பார்த்தாள், பொங்கல் கழிந்து செய்திருந்தான்.

அம்மா சமையலறையிலிருந்து, "சோறு போடட்டா?" என்று கேட்டாள். சுகாசினி லேப்டாப்பை மூடினாள். அந்த வாரம் அவன் வாங்கி வந்த பஜ்ஜி, சொன்ன காரணங்கள், திறந்து கொடுத்த தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. குதிரை மாட் எடுக்கும்போது அவனுக்குத் தெரியும். வெள்ள மாட் எடுக்கும்போதும் தெரியும். "கேம்ல கூட அங்கயே திரும்புது" என்று அவள் சொன்னபோது அவன் சிரித்தானே, அப்போதும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. கடை திறக்கிற நேரத்துக்கு வாலாஜாபாத் போய் இறங்கினாள். அருள் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா சுகா, லீவா?"

"பாலத்துல லைட்டிங் இன்னா பண்ண?"

அவன் ஊதுவத்தியை ஸ்டாண்டில் சொருகினான். அது நிற்கவில்லை. மறுபடியும் சொருகினான்.

"எந்த லைட்டிங்?"

"தாங்கல் பாலம் லைட்டிங். தொறந்து பாத்துட்டேன் அருள்."

கடைக்கு எதிரில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அது போனது. பிறகு நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்காரவில்லை.

"மாமா பாத்துட்டாருமா" என்றான். "உங்க பசங்க வாட்ஸப்ல வுட்டாங்களே, தேரு காலனிக்கு வர்றத. கேம்ல வந்துடுச்சு, நேர்ல எப்போன்னு கேட்டு. அது கோவிலு கமிட்டி குரூப்புக்கு வந்துடுச்சு. யாரு பண்ணதுன்னு பாத்தா கீழ என் பேரு. மாமாதான் இந்த வருசம் கமிட்டி தலைவரு. என்னைக் கூப்ட்டு நாலு பேரு முன்னாடி நிக்கவெச்சு கேட்டாங்க. ஊருக்கே இல்லாத வழிய நீ எப்படி போட்டன்னு."

"நான் போட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா உங்க வூட்டுக்கு வந்திருப்பாங்க சுகா. நான் அத நெனச்சேன்."

"எனக்காக பண்ண?"

"ஊரையே எடுன்னாங்க. மொத்தமா எடுத்துடுன்னாங்க. நான்தான் சண்ட போட்டேன். இவ்ளோ நல்ல வேல, எடுக்கமாட்டேன்னேன். கடைய காலி பண்ணிக்கோன்ற வரைக்கும் பேச்சு போச்சு. கொஞ்ச தூரந்தான கொறச்சேன்? கோவிலு இருக்குது, ஏரி இருக்குது, உங்க தெரு இருக்குது, சர்ச்சு இருக்குது. நான் எதையும் இடிக்கல." குரல் தழைந்தது. "கேம்தான சுகா இது."

"கேம்தானன்னா எதுக்கு மாத்துன?"

அவன் ஸ்டாண்டின் கீழே விழுந்திருந்த ஊதுவத்திச் சாம்பலைக் கையால் தள்ளினான்.

"மாத்துனத வுடு. பயந்துட்ட, மாத்திட்ட. எங்கிட்ட வந்து, இப்படி ஆயிடுச்சு சுகான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அழுதுக்கினு ஒத்துக்கினு இருப்பேன். ஒரு வாரம் என் பக்கத்துல உக்காந்து என்கூட தேடுனியே. குதிரையா இருக்கும், வெள்ளமா இருக்கும்னு. நான் மூணு வாட்டி அழிச்சு அழிச்சு வெச்சேனே, பாத்துக்கினுதான இருந்த?"

"உன் மூஞ்ச பாத்து சொல்ல முடியல."

"மூஞ்ச பாத்து பொய் சொல்ல முடிஞ்சுது."

அருள் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தாள். அது அவளை இளக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் இவன் முகத்தில் பார்த்த மற்றதெல்லாம் எது, எந்த வகை என்று இனிமேல் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று தோன்றியது.

"இன்னிக்கே அந்த ஒட்ட எடுத்துடு" என்றாள்.

"பங்குனி முடியட்டும் சுகா. நம்ம ஊரு திருவிழா முடிஞ்ச மறுநாளே எடுத்துடறேன். சத்தியமா."

"நம்ம ஊரு" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலமே தாங்கலைப் பாலாறில் வைக்கக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். செய்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதனால் பெரிய பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே இறக்கியவர்களின் கம்ப்யூட்டரில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. பிரேசிலிலும் போலந்திலும் மதுரையிலும் தேர் பாலம்வரை வந்து திரும்பிக்கொண்டுதான் இருக்கும். தட்டோடு ஜனங்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். அது தப்பு என்றுகூடப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தேர் அங்கே திரும்புவதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அருள் பாலாறின் புதிய பதிப்பைப் போட்டான். தாங்கல் இல்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: 'செய்தவரின் தனிப்பட்ட காரணங்களுக்காக நீக்கப்பட்டது.' அதற்குக் கீழே ஆட்கள் வரிசைகட்டித் திட்டினார்கள். கொஞ்சம் பேரும் புகழும் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்றான் ஒருவன். இலவசமாகக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை எல்லாம் சேர்க்கவே கூடாது என்றான் இன்னொருவன். பாவம், இவ்வளவு அருமையாக அடுக்கியவருக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று ஒருத்தி அருளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தாள். அந்த ஆறுதலுக்கு அருள் ஒரு கும்பிடு போட்டு நன்றி சொல்லியிருந்தான். சுகாசினி அந்தக் கும்பிடை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கேட்ட வார்த்தைகளைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது.

தன் இணையப் பக்கத்தில் தாங்கலைத் தனியாகப் போட்டு, என்ன நடந்தது என்பதை ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ இல்லாமல் நாலு வரியில் எழுதினாள். பாலத்துக்கு அப்பால் இருந்த பாதை தன்னைக் கேட்காமல் வெட்டப்பட்டது, வெளிச்சம் என்று பெயர் வைத்து மறைக்கப்பட்டது என்று மட்டும். சிலர் படித்தார்கள். பெரும்பாலானவர்கள் எதைப் பற்றிய சண்டை என்றே புரியாமல் போனார்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. மில்லில் லோடு ஏற்ற வருகிற டிரைவர்களிடம்கூட ராஜவேலு அந்த வீடியோவைக் காட்டுவார். "எங்க பொண்ணு பண்ணது, உள்ள பேசறது நான்தான்" என்பார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவரிடம் சுகாசினி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அருள் தம்பி இன்னா பண்ணுவாரு பாவம்" என்றார். "அவங்க வூட்ல அவ்ளோ பேசியிருப்பாங்க. இத்தினி நாளு உன்கூட நல்லாதான பழகுனாரு."

"அவரு இவருன்னு பேசாதப்பா. அவனுக்கு என் வயசு."

"சரிம்மா, சரி."

"உனக்குக் கோவமே வரலையா?"

ராஜவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ ஏன் அவங்கிட்ட குடுத்தன்னுதான் எனக்கு முன்னமே இருந்துச்சு" என்றார். அவர் அதை முன்னமே சொல்லாதது ஏன் என்று அவள் கேட்கவில்லை. சொல்லியிருந்தாலும் தான் காதில் வாங்கியிருக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரியும்.

பங்குனியில் தேர் ஓடியது. சுகாசினி டிசைன் சென்டருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பரசுராமன் ஏற்பாட்டில் அருள் தேரோட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டினான் என்று சத்யராஜ் சொன்னான். திருவிழா முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் பாலாறின் பக்கம் அப்படியேதான் இருந்தது. 'தனிப்பட்ட காரணங்கள்' என்ற அந்த ஒரு வரியும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அருளிடமிருந்து, 'சாரி சுகா. ஒரு தடவ பேசலாமா' என்று செய்தி வந்தது. அவள் பதில் போடவில்லை. அடுத்த வாரம், 'பழைய பாலாறுல இருக்கற அந்த லைட்டிங் ஒட்ட எடுக்கறதுக்கு தனியா ஒரு ஃபைல் போட்ருக்கேன், வேணும்றவங்க எறக்கிக்கலாம்' என்று இன்னொன்று. போய்ப் பார்த்தாள். யாரும் எளிதில் பார்க்காத ஒரு மூலையில், விளக்கம் எதுவும் இல்லாமல் அந்த ஃபைல் கிடந்தது. எதற்காக அதை இறக்க வேண்டும் என்று தெரியாத ஒன்றை யார் இறக்குவார்கள்? அதற்கும் அவள் பதில் போடவில்லை.

அபி மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் பாலாறை எடுத்துட்டேன். ஆனா உங்க ஊர மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் பழசா இருக்கறது ஒரு மாதிரி இருக்கு. நீங்களே ஒரு கலெக்‌ஷன் போடுங்களேன்."

சுகாசினி உட்கார்ந்தாள். மரம், மழை, முகம், தண்ணீர் என்று தனக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ஓட்டினாள். எல்ட்மாரின் பெயர் திரையில் வந்து, அப்படியே உறைந்து, மூடிக்கொண்டது. மழையை முன்னால் வைத்துப் பார்த்தாள். மூடிக்கொண்டது. முகத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். உள்ளே போனது, ஆனால் ஏரியில் தண்ணீர் இல்லை. இத்தனை வருடமும் கட்டுவது அவள் வேலையாகவும் அடுக்குவது அவன் வேலையாகவும் இருந்துவிட்டது. தண்ணீரையும் மழையையும் எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று அவனைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வான். கை தானாகப் போனை எடுத்து அவன் பெயர் வரைக்கும் போய்விட்டது.

போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தாள். திரும்பவும் முதலிலிருந்து, ஒன்றுமே போடாத பழைய எல்ட்மாரில் ஆரம்பித்து, தண்ணீரை மட்டும் போட்டாள்.

"இன்னும் ஓடல அபி" என்று எழுதினாள். "நாளாகும். எனக்கு இது புதுசு."

"பரவால்லக்கா" என்று உடனே பதில் வந்தது.